18 நிமிடப் பாட்டா, 81 நிமிட ஆல்பமா?

கேள்வி இதுதான். மூன்று நண்பர்கள். நீளமான, பல பகுதிகள் கொண்ட பாட்டுகளுக்குப் பெயர்போன ராக் வகையான புரோகிரசிவ் ராக்கின் உச்சம், யெஸ் குழுவின் 'குளோஸ் டு தி எட்ஜ்' ஆல்பம் என்கிறார் ஒருவர். அதே குழு அடுத்த ஆண்டு வெளியிட்ட 'டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்' என்ற இரட்டை ஆல்பம்தான் உச்சம், முந்தையது அதற்கு ஒத்திகை என்கிறார் இன்னொருவர். கிங் கிரிம்சனின் 'ரெட்' ஆல்பத்தைத் தவிர மற்றதெல்லாம் வெறும் ஆடம்பரம் என்று மூன்றாமவர் இருவரையும் தள்ளிவிடுகிறார். கேள்வி கேட்டவருக்கோ 'டேல்ஸ்' பாதியிலேயே சலித்துவிட்டது. குற்றம் ஆல்பத்திலா, தன் காதிலா என்று தெரிந்தாக வேண்டுமாம்.

உங்கள் காதில் குற்றம் இல்லை. நானும் முதல் நண்பரின் கட்சிதான். ஆனால் அவர் சொல்லக்கூடிய காரணத்துக்காக அல்ல. 'குளோஸ் டு தி எட்ஜ்' ரசிகர்கள் பெரும்பாலும் வாசிப்புத் திறமையைப் பற்றித்தான் பேசுவார்கள்: ஸ்டீவ் ஹவ்வின் கிட்டார், கிறிஸ் ஸ்க்வையரின் பேஸ், ரிக் வேக்மனின் கீபோர்டு, பில் புரூஃபோர்டின் டிரம்ஸ், ஜான் ஆண்டர்சனின் குரல். இந்த ஐவரில் நால்வர் 'டேல்ஸ்' ஆல்பத்திலும் இருக்கிறார்கள். ஓராண்டில் யாருக்கும் விரல் மறந்துவிடாது. ஆகவே வித்தியாசம் வேறெங்கோ இருக்கிறது.

அது இசைத்தட்டின் அளவில் இருக்கிறது என்பது என் கட்சி. நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் எல்.பி. தட்டின் ஒரு பக்கத்தில் இருபது, இருபத்திரண்டு நிமிட இசையைத்தான் வசதியாக வெட்ட முடியும். அதற்கு மேல் போனால் பள்ளங்களை நெருக்க வேண்டும். நெருக்கினால் ஒலியளவைக் குறைக்க வேண்டும். ஊசி தட்டின் நடுவை நெருங்க நெருங்க உச்ச ஒலிகளின் கூர்மையும் மங்கும். இலை எவ்வளவோ அவ்வளவுதான் பரிமாற முடியும். 1971, 1972 ஆண்டுகளில் இந்த இசைக்காரர்கள் எல்லோரும் ஒரு முழு இலைக்குச் சமைக்கக் கற்றுக்கொண்டிருந்தார்கள். எமர்சன் லேக் அண்ட் பாமரின் 'டார்கஸ்' இருபது நிமிடம். பிங்க் ஃபிளாய்டின் 'எக்கோஸ்', ஜெனிசிஸின் 'சப்பர்ஸ் ரெடி' இரண்டும் ஏறக்குறைய இருபத்து மூன்று. ஜெத்ரோ டல் குழு மட்டும் 1972இல் ஒரே பாட்டை இரண்டு பக்கத்துக்கும் நீட்டி 'திக் ஆஸ் எ பிரிக்' என்று வெளியிட்டது. அது பாதி கிண்டல். முந்தைய ஆல்பத்தை விமர்சகர்கள் 'கருத்து ஆல்பம்' (எல்லாப் பாட்டும் ஒரே கருவைச் சுற்றி வருவது) என்று முத்திரை குத்திய எரிச்சலில், அப்படியானால் உண்மையிலேயே ஒன்றைத் தருகிறேன் என்று அந்தக் குழுவின் தலைவர் இயன் ஆண்டர்சன் செய்த வேலை. உறைக்குப் பதிலாக 12 பக்கப் போலிச் செய்தித்தாள். பாட்டை எழுதியது ஒரு பள்ளிச் சிறுவன் என்ற கட்டுக்கதை வேறு. அங்கேயும் தட்டைத் திருப்பிப்போட ஒரு இடைவெளி தேவைப்பட்டது.

'குளோஸ் டு தி எட்ஜ்' 1972 செப்டம்பரில் வந்தது. மொத்தம் மூன்றே பாடல்கள். தலைப்புப் பாடல் முதல் பக்கம் முழுவதையும், பதினெட்டே முக்கால் நிமிடத்தையும், எடுத்துக்கொள்கிறது. 'அண்ட் யூ அண்ட் ஐ', 'சைபீரியன் கத்ரு' இரண்டும் மறுபக்கம். (பின்னது தமிழ்க் காதில் 'சைபீரியக் காற்று' என்று விழும். நானும் பல நாள் அப்படித்தான் பாடிக்கொண்டிருந்தேன்.)

தலைப்புப் பாடலைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். முதல் ஒரு நிமிடம் ஓடும் தண்ணீரும் பறவைகளும் மட்டும். பிறகு முன்னறிவிப்பு இல்லாமல் ஐவரும் ஒரே நேரத்தில் உள்ளே விழுகிறார்கள். ஹவ்வின் கிட்டார் முட்களாக ஓடுகிறது. கீழே பேஸ் தன் போக்கில் ஏறுகிறது. டிரம்ஸ் இரண்டுக்கும் பிடிகொடுக்காமல் நடுவில் நடக்கிறது. சந்தைக்கடை என்று நினைக்கும்போது திடீரென்று எல்லாம் நின்று, குரல்கள் மட்டும் 'ஆ' என்று ஒரு நொடி ஒலிக்கின்றன. மீண்டும் சந்தை. மீண்டும் நிறுத்தம். முதல்முறை கேட்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் எழுந்துபோவார்கள். தயவுசெய்து உட்கார்ந்திருங்கள். மூன்றாவது நிமிடத்தை ஒட்டி எல்லாம் அடங்கி ஒரு தெளிவான மெட்டு மேலே வருகிறது. பாட்டின் நான்கு பகுதிகளுக்கும் அதுதான் வித்து.

எட்டரை நிமிடத்தில் மூன்றாம் பகுதி. தாளம் கரைந்துபோகிறது. குகைக்குள் நீர் சொட்டுவது போன்ற ஒலிகளுக்கு நடுவே 'எழுகிறேன், விழுகிறேன்' என்ற பொருளில் ஒரு வரி, ஏறக்குறைய முணுமுணுப்பாக. அது மெல்ல மெல்ல ஏறி, வேக்மனின் தேவாலய ஆர்கனில் போய் உடைகிறது. அந்த ஆர்கன் ஸ்டுடியோவில் செய்த சாயல் அல்ல. லண்டன் பார்பிக்கன் பகுதியில் உள்ள செயின்ட் கைல்ஸ் தேவாலயத்துக்கே போய் வாசித்துப் பதிந்தது. அதன் பிறகு தொடக்கத்தில் கேட்ட முட்கள் வேறு வேகத்தில், வேறு உடையில் திரும்பி வருகின்றன. அவற்றின் மேல்தான் வேக்மனின் ஹேமண்ட் ஆர்கன் தாண்டவம். கடைசியில், நடுவில் முணுமுணுத்த அதே 'எழுகிறேன், விழுகிறேன்' வரியை முழுக் குரலில், முழு ஓசையில் பாடுகிறார்கள். மறுபடி தண்ணீர், பறவைகள்.

இந்தத் திரும்புதலுக்காகத்தான் நான் இந்த ஆல்பத்தின் பக்கம் நிற்கிறேன். நடுவில் பலவீனமாகக் கேட்ட ஒன்று கடைசியில் பலத்தோடு வரும்போது, அந்தப் பத்து நிமிடம் ஏன் காத்திருந்தோம் என்பது காதுக்கே விளங்கிவிடுகிறது. இசை ஆய்வாளர்கள் இதை மேற்கத்தியச் செவ்வியல் இசையின் சொனாட்டா வடிவத்தோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். அந்தப் பெயர் தெரியாவிட்டாலும் ஒன்றும் குறையாது.

இது ஒரே மூச்சில் வாசித்ததும் அல்ல. லண்டன் அட்விஷன் ஸ்டுடியோவில் ஒலிப்பதிவாளர் எடி ஆஃபர்டோடு சேர்ந்து துண்டு துண்டாகப் பதிந்து, நாடாவை பிளேடால் வெட்டி ஒட்டிச் செய்தது. முதல் நாள் முடிவு செய்ததை மறுநாள் மாற்றுவார்கள். ஒரு சிறு விஷயத்துக்கு மணிக்கணக்கில் வாதம். புரூஃபோர்டுக்கு இந்த முறை கசந்துவிட்டது. குழு புகழின் உச்சிக்குப் போகப்போகிறது என்று தெரிந்தும், பதிவு முடிந்த கையோடு விலகிப்போய் கிங் கிரிம்சனில் சேர்ந்துகொண்டார். ஜான் லெனனோடு வாசித்திருந்த ஆலன் வைட் அவர் இடத்துக்கு வந்து, மூன்றே நாளில் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டு அமெரிக்கப் பயணத்துக்குக் கிளம்பினார்.

இனி இரண்டாவது ஆல்பம். அதன் விதை விழுந்த இடம் எது தெரியுமா? விலகிப்போன அதே புரூஃபோர்டின் கல்யாண வரவேற்பு, 1973 மார்ச் 2. அங்கே யெஸ் குழுவின் ஜான் ஆண்டர்சனுக்குக் கிங் கிரிம்சனின் தாளக்காரர் ஜேமி மியூரோடு பேச்சு மூண்டது. பரமஹம்ச யோகானந்தரின் 'ஒரு யோகியின் சுயசரிதை'யைப் படிக்கச் சொன்னவர் அவர்தான். மியூர் அந்தச் சமயத்தில் இசையையே விட்டுவிட்டு ஸ்காட்லாந்தில் உள்ள பௌத்த மடத்துக்குப் போகிற முடிவில் இருந்த மனிதர். சும்மா பேச்சுக்குச் சொன்ன சிபாரிசு அல்ல.

ஆண்டர்சன் புத்தகத்தைப் படித்தார். அவரைப் பிடித்துக்கொண்டது புத்தகம்கூட அல்ல, 83ஆம் பக்கத்தில் இருந்த ஓர் அடிக்குறிப்பு. சாஸ்திரங்கள் சுருதி, ஸ்மிருதி, புராணம், தந்திரம் என்று நான்கு வகைப்படும் என்று சொல்லும் குறிப்பு அது. நான்கு வகை, நான்கு பக்கம், நான்கு பாட்டு என்று ஆண்டர்சனுக்குக் கணக்குச் சரியாகிவிட்டது. அடுத்த பயணத்தில் அவரும் ஹவ்வும் ஹோட்டல் அறைகளில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் உட்கார்ந்து மெட்டமைத்தார்கள்.

தமிழ் வாசகருக்கு இங்கே ஒரு வசதி உண்டு, ஒரு ஏமாற்றமும் உண்டு. சுருதி, ஸ்மிருதி என்றால் நமக்கு விளக்கம் தேவையில்லை. ஆனால் அந்த அறிவோடு போய் முதல் பக்கத்தில் வேதத்தையும் நான்காம் பக்கத்தில் தந்திர சாஸ்திரத்தையும் தேடினால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். ஆண்டர்சன் வார்த்தைகளைப் பொருளுக்காகத் தேர்ந்தெடுப்பவர் அல்ல, ஒலிக்காகத் தேர்ந்தெடுப்பவர். அவருக்கு அந்தக் குறிப்பு ஒரு சட்டகம் தந்தது, அவ்வளவே. முந்தைய ஆல்பத்திலும் அப்படித்தான். ஹெர்மன் ஹெஸ்ஸேயின் 'சித்தார்த்தா'வில் வரும் ஆற்றங்கரையிலிருந்துதான் 'குளோஸ் டு தி எட்ஜ்' பிறந்தது. திருலோக சீதாராமின் மொழிபெயர்ப்பில் அந்த நாவலைப் படித்தவர்களுக்கு, தண்ணீர் ஓசையோடு தொடங்கித் தண்ணீர் ஓசையோடு முடியும் அந்தப் பாட்டில் ஆறு எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை. அங்கே ஆறு இசைக்குள் கலந்துவிட்டது. 'டேல்ஸ்' ஆல்பத்தில் அடிக்குறிப்பு இசைக்கு வெளியே தனியாக நிற்கிறது.

நான் 'டேல்ஸ்' ஆல்பத்தை முதலில் கேட்டது ஒரு 60 நிமிடக் கேசட்டில். நண்பர் பதிந்து தந்தது. முதல் மூன்று பக்கங்களைக் கூட்டிப் பாருங்கள்: 20 நிமிடம் 25 விநாடி, 20 நிமிடம் 38 விநாடி, 18 நிமிடம் 34 விநாடி. மொத்தம் 59 நிமிடம் 37 விநாடி. கேசட்டில் மயிரிழையில் அடங்கிவிடும். இரண்டாம் பாட்டின் நடுவில் ஒரு தடவை திருப்பிப்போட வேண்டும், அவ்வளவுதான். நான்காவது பக்கம் என்று ஒன்று இருப்பதே எனக்குப் பல ஆண்டுகள் தெரியாது. மூன்றாம் பாட்டின் அமைதியான கிட்டாரோடு ஆல்பம் முடிகிறது என்றே நம்பிக்கொண்டு, முடிவு ஏன் இப்படித் தொங்குகிறது என்று உங்களைப் போலவே குழம்பிக்கொண்டிருந்தேன். பின்னாளில் நான்காவதைக் கேட்டபோது, நண்பர் மேல் கோபம் வந்ததைவிட மற்ற பக்கங்கள் மேல்தான் அதிகமாக வந்தது. இத்தனை நல்ல சரக்கை வைத்துக்கொண்டு கடைசி வரை ஏன் காக்க வைத்தார்கள்?

முதல் பக்கம் நல்ல பக்கம். மந்திரம் போன்ற கூட்டுக் குரலில் தொடங்கி, மெட்டுகள் அடுக்கடுக்காக வருகின்றன. 2003 மறுவெளியீட்டில், முன்பு வெட்டப்பட்டிருந்த இரண்டு நிமிட முன்னுரையையும் மீண்டும் சேர்த்தார்கள். இரண்டாம் பக்கத்தில்தான் உங்களுக்குச் சலிப்புத் தட்டியிருக்கும். எனக்கும் அங்கேதான். ஒரு மணி நேர ஆலாபனைக்கும் அசராத ஊர்க்காரர்கள் நாம். நீளம் நமக்குக் குற்றமே அல்ல. ஆனால் ஆலாபனையில் ராகம் ஒவ்வொரு படியாக மேலே போகும், அடுத்த படி எது என்று காது முன்னால் ஓடும். இரண்டாம் பக்கத்தில் காது ஓடுவதற்குப் பாதையே இல்லை. அழகான கீபோர்டு அலைகள் வருகின்றன, போகின்றன, மீண்டும் வருகின்றன. எதுவும் எதையும் மாற்றுவதில்லை. பத்து நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். இலை பெரியதாக இருந்தது, நிரப்பினார்கள்.

மூன்றாம் பக்கம் முரட்டுப் பக்கம். ஹவ்வின் ஸ்டீல் கிட்டார் தகரத்தைக் கிழிப்பது போல ஒலிக்க, தாளக் கருவிகள் இடிக்க, ஆண்டர்சன் சூரியனுக்குப் பல மொழிகளில் உள்ள சொற்களை அடுக்கிக்கொண்டே போகிறார். நடுவே இந்தியில் வெயிலைக் குறிக்கும் 'தூப்' வந்து விழும்போது சிரிப்பு வரும். பன்னிரண்டாவது நிமிடத்துக்குப் பிறகு எல்லாம் ஓய்ந்து, ஹவ் ஒற்றை அக்கூஸ்டிக் கிட்டாரை எடுக்கிறார். ஆல்பத்திலேயே மிக அழகான ஐந்தாறு நிமிடங்கள் அவை. அவற்றை அடைய முன்னால் உள்ளவற்றைத் தாண்டியாக வேண்டும் என்று ஆல்பத்தின் அன்பர்கள் சொல்வார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. ஆனாலும் மறுக்கவும் முடியவில்லை.

நான்காம் பக்கத்தில் குழு விழித்துக்கொள்கிறது. ஸ்க்வையரின் பேஸ் முன்னால் வந்து மெட்டையே பாடுகிறது. நடுவில் டிரம்ஸ்களின் மோதல், அதன் பிறகு கலங்கிய நீர் தெளிவது போல ஒரு மெதுவான பாட்டு. முன்பு வந்தவை இங்கே திரும்ப வருகின்றன. 'குளோஸ் டு தி எட்ஜ்' பதினெட்டு நிமிடத்தில் செய்ததை 'டேல்ஸ்' 81 நிமிடத்தில் செய்கிறது. ஆனால் செய்கிறது. உங்கள் இரண்டாவது நண்பரின் கட்சிக்கு இதுதான் வலுவான சாட்சி. பிரிட்டனில் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்ததும் 'டேல்ஸ்'தான், மற்றதற்குக் கிடைத்தது நான்காமிடம். ஆனால் அதை வைத்து வாதாடாதீர்கள். முந்தைய ஆல்பத்தின் புகழ் பிந்தையதை விற்றுத் தந்தது.

கேட்பவர்களுக்கு மட்டும்தான் சலித்தது என்று எண்ணிவிட வேண்டாம். ஆல்பம் கடைக்கு வருவதற்கு முன்பே, 1973 நவம்பரில், முழு ஆல்பத்தையும் மேடையில் வாசிக்கக் கிளம்பிவிட்டார்கள். காதில் ஒருமுறைகூட விழாத எண்பது நிமிட இசை, கூட்டம் என்ன செய்யும்? மான்செஸ்டர் ஃப்ரீ டிரேட் ஹாலில் நடந்த கச்சேரியை வேக்மனே பலமுறை சொல்லிச் சிரித்திருக்கிறார். கீபோர்டுக்குக் கீழே படுத்துப் பழுது பார்க்கும் உதவியாளர், இன்று ராத்திரி என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்கிறார். கச்சேரி முடிந்து சாப்பிட என்று நினைத்து வேக்மன் விந்தாலு, அப்பளம் என்று பட்டியல் போடுகிறார். உதவியாளர் அதை உடனடி உத்தரவாக எடுத்துக்கொண்டு வாங்கி வந்து நீட்டிவிடுகிறார். வாசிக்க அதிக வேலை இல்லாததால், வேக்மன் கீபோர்டின் மேலேயே பரப்பிவைத்துச் சாப்பிட்டார். முன்னால் இந்திய சாஸ்திரம், பின்னால் இந்தியக் கறி. ஆண்டர்சன் வந்து ஒரு அப்பளத்தை எடுத்துக்கொண்டு போனாராம். அந்தப் பயணம் முடிந்து, 1974இல் வேக்மன் விலகினார். ஒற்றைத் தட்டுக்கு அதிகம், இரட்டைத் தட்டுக்குப் போதாது என்பது சரக்கைப் பற்றி அவருடைய நெடுநாள் புகார். நியாயமான புகார்தான். ஆனால் அதே மனிதர்தான் அடுத்த ஆண்டு ஆர்தர் அரசன் கதையை வெம்ப்ளியில் பனித்தரை மேல் சறுக்காட்டக்காரர்களை விட்டு நடத்தினார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது நண்பரிடம் வருவோம். 'ரெட்' 1974 அக்டோபரில் வந்தபோது கிங் கிரிம்சன் என்ற குழுவே இல்லை. சில நாட்களுக்கு முன்புதான் அதன் தலைவரும் கிட்டார்காரருமான ராபர்ட் ஃபிரிப் கலைத்துவிட்டிருந்தார். மூன்றே பேர்: ஃபிரிப், ஜான் வெட்டன், டிரம்ஸில் அதே புரூஃபோர்ட். ஐந்து உருப்படிகள், நாற்பது நிமிடம், ஆடம்பரம் இல்லை. உண்மை. கடைசிப் பாட்டான 'ஸ்டார்லெஸ்' பன்னிரண்டு நிமிடம். முதலில் மெல்லோட்ரானோடு (நாடாவில் பதிந்த ஒலிகளை எழுப்பும் கீபோர்டு) ஒரு சோகப் பாட்டு. பிறகு குரல் நின்று, வெட்டனின் பேஸ் 13 எண்ணிக்கையில் ஒரு சுற்றைத் தொடங்குகிறது. அதன் மேல் ஃபிரிப் ஒரே ஸ்வரத்தை அடித்துக்கொண்டே இருக்கிறார், இன்னும் கொஞ்சம் மேலே, இன்னும் கொஞ்சம். புரூஃபோர்ட் சில்லறை ஓசைகளில் தொடங்கி முழு டிரம்ஸுக்கு வருகிறார். நரம்பு அறுந்துவிடும் என்கிற கட்டத்தில் வெடித்து, முதலில் கேட்ட சோக மெட்டு சாக்ஸஃபோனில் திரும்பி வருகிறது.

கவனியுங்கள், இங்கேயும் திரும்புதல்தான். மூன்றாவது நண்பர் ஆடம்பரம் என்று ஒதுக்கும் 'குளோஸ் டு தி எட்ஜ்' செய்யும் அதே காரியத்தை, அதே டிரம்ஸ்காரரை வைத்து, அவருக்குப் பிடித்த ஆல்பமும் செய்கிறது. முதல் நண்பரும் மூன்றாமவரும் ஒரே கட்சி என்று அவர்களிடம் சொல்லிப் பாருங்கள். அப்படியானால் ஏன் 'ரெட்' எனக்கு இரண்டாமிடம்? 'ஸ்டார்லெஸ்' பாட்டுக்கு முன்னால் உள்ள 'பிராவிடன்ஸ்' தான் காரணம். அந்தப் பெயருள்ள அமெரிக்க நகரத்தில் மேடையில் கற்பனையாக வாசித்ததன் பதிவு. எட்டு நிமிடம். அரங்கில் இருந்தவர்களுக்கு மயிர்க்கூச்செறிந்திருக்கும். தட்டில் அது இரண்டு நல்ல பாட்டுகளுக்கு நடுவே காலி மனை. 'குளோஸ் டு தி எட்ஜ்' ஆல்பத்தில் அப்படிக் காலி மனை எதுவும் இல்லை.

பிங்க் ஃபிளாய்டின் 'டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஏன் இந்த வழக்கிலேயே இல்லை என்று யாராவது கேட்பார்கள். அது புரோகிரசிவ் ராக்தானா என்று தொடங்கினால் விடிந்துவிடும். ஜெனிசிஸின் 'செல்லிங் இங்கிலண்ட் பை தி பவுண்ட்' பற்றித் தனியாகக் கேளுங்கள், சந்தோஷமாக எழுதுகிறேன்.

'டேல்ஸ்' ஆல்பத்துக்கு இன்னொரு வாய்ப்புத் தர நினைத்தால், 2016இல் ஸ்டீவன் வில்சன் செய்த ரீமிக்ஸைத் தேடிப் பிடியுங்கள். பழைய தட்டில் ஒன்றோடொன்று குழைந்து கிடந்த கருவிகள் அதில் தனித்தனியாகக் கேட்கும். வரிசைப்படி போக வேண்டாம். முதலில் நான்காம் பக்கம். பிடித்தால் முதல் பக்கம். வேறொரு நாள் மூன்றாம் பக்கத்தைப் பன்னிரண்டாவது நிமிடத்திலிருந்து. இரண்டாம் பக்கத்தை மட்டும் தனியாகக் கேட்காதீர்கள். அதைப் புகழும் நண்பரை வீட்டுக்கு வரவழைத்து எதிரே உட்கார வைத்துப் போடுங்கள். பத்தாவது நிமிடத்தில் அவர் கை போனைத் தேடுகிறதா என்று மட்டும் பார்த்து எனக்கு எழுதுங்கள்.